நேத்து இருந்த பட்டனை இன்னிக்குக் காணோமா? அப்டேட் கலைத்துப்போட்ட பிரவுசரை உங்க கைக்கு ஏத்த மாதிரி மாத்தலாம்!

"உங்க சித்தப்பா இப்பல்லாம் கம்ப்யூட்டரைத் தொடறதே இல்லப்பா. கரன்ட் பில் கட்டக்கூட ஆபீஸுக்குப் போய் வரிசையில நிக்கிறார்."

போன மாதம் கும்பகோணம் போயிருந்தபோது சித்திதான் இப்படிச் சொன்னார். என்னால் நம்ப முடியவில்லை. சித்தப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அறுபது வயதுக்கு மேல் கம்ப்யூட்டர் வாங்கி, யாரிடமும் போய் உட்காராமல் தானாகவே கற்றுக்கொண்டவர். ஆறேழு வருஷமாகக் கரன்ட் பில், காஸ் புக்கிங், ரயில் டிக்கெட் எல்லாம் அவர் கையால்தான். தெருவில் இன்னும் நாலு வீட்டு பில்லையும் சேர்த்துக் கட்டி, ரசீதை பிரின்ட் எடுத்துக் கொடுப்பார். அந்த மனிதர் ஏன் வரிசையில் நிற்க வேண்டும்?

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "என்ன சித்தப்பா, சிஸ்டம் ரிப்பேரா?"

"நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலிருக்குடா. மேல வரிசையா வச்சிருந்த சைட்டெல்லாம் காணோம். பிரின்ட் இருந்த இடத்துல வேற என்னமோ இருக்கு. இன்னும் ஏதாச்சும் அமுக்கி மொத்தமாப் போயிடுச்சுன்னா? அதான் மூடி வச்சுட்டேன்."

மேஜை டிராயரிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம். முத்து முத்தான கையெழுத்து, தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு. 'பிரின்ட்: வலது மூலைப் பட்டன், மேலிருந்து ஏழாவது வரி.' திரையில் எண்ணிப் பார்த்தேன். ஏழாவது வரியில் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது.

சித்தப்பா எதையும் கெடுக்கவில்லை. ஒரு ராத்திரி பிரவுசர் தானாகவே அப்டேட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அது தெரியாமல் மூன்று வாரம் 'வயசாயிடுச்சு, நமக்கு இதெல்லாம் வரல' என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டு, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, வெயிலில் போய் நின்றிருக்கிறார். அது எந்த பிரவுசர் என்பது இங்கே முக்கியமில்லை. பெரிய பிரவுசர்கள் எல்லாமே ஏதாவது ஒரு வருஷம் இப்படி வீட்டைக் கலைத்துப் போட்டவைதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். காணாமல் போன மெனுவைத் திரும்பக் கொண்டுவருவதும், வேண்டாததை ஒளித்துவைப்பதும் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கஷ்டமில்லை.

முதல்ல, நிஜமாவே அப்டேட்தானா?

மெனு, டேப், முகவரி டைப் செய்யும் பட்டை எல்லாமே ஒட்டுமொத்தமாக மறைந்து, திரை முழுக்க வெப்சைட் மட்டும் தெரிகிறதா? பெரும்பாலும் எஃப்11 கீ மேல் விரல் பட்டிருக்கும். மறுபடி அதையே தட்டினால் எல்லாம் திரும்பிவிடும். சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும். எழுத்து திடீரென்று பூதாகாரமாகவோ, எறும்பு மாதிரியோ ஆகிவிட்டதா? கன்ட்ரோல் கீ அழுந்தியிருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டியிருப்பீர்கள். கன்ட்ரோலோடு பூஜ்யத்தைத் தட்டுங்கள், பழைய அளவு வந்துவிடும்.

அடிக்கடி போகும் சைட்டுகளை மேலே வரிசையாக வைத்திருந்தீர்கள், அந்த புக்மார்க் பட்டை காணோம் என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலுமே இது வேலை செய்யும். சித்தப்பாவின் பாதிப் பிரச்னை இந்த மூன்று கீயிலேயே தீர்ந்தது.

'புது டேப் திறந்தா பட்டை தெரியுது, சைட்டுக்குள்ள போனா மறைஞ்சுடுது' என்று சிலர் குழம்புவார்கள். ஃபயர்பாக்ஸில் 2021 ஜனவரியில் வந்த பதிப்பிலிருந்து, புது டேப்பில் மட்டும் புக்மார்க் பட்டையைக் காட்டும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மேலே காலியாக இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து, புக்மார்க்ஸ் டூல்பார் என்பதில் 'ஆல்வேஸ் ஷோ' என்று மாற்றிவிட்டால் நிலையாக நிற்கும்.

எதுக்கு இப்படி மாத்திக்கிட்டே இருக்காங்க?

மூலையில் மூன்று கோடு போட்ட ஒரு பட்டன் இருக்கிறதே, அது இன்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1981-ல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்' கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. பிறகு பல வருஷம் அதை யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. ஸ்மார்ட்போன் வந்தது. உள்ளங்கை அகலத் திரையில் ஃபைல், எடிட், வியூ என்று வரிசையாக எழுத இடம் ஏது? எல்லாவற்றையும் சுருட்டி அந்த மூன்று கோட்டுக்குள் போட்டார்கள். போனுக்கு அது சரி. மேஜையில் அகலமாக இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதே சட்டையை மாட்டிவிட்டதுதான் வினை.

ஃபயர்பாக்ஸின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 2011 மார்ச்சில் அதன் 4-ம் பதிப்பு வந்தபோது, விண்டோஸில் பலருக்கும் ஃபைல், எடிட் வரிசை மறைந்து, இடது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பட்டன் வந்தது. ஜனங்கள் திட்டித் தீர்த்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள். பழகி முடித்த நேரத்தில், 2014 ஏப்ரலில் 29-ம் பதிப்பு வந்தது. ஆரஞ்சு பட்டனும் போய், வலது மூலையில் மூன்று கோடு வந்தது. 'எனக்குப் பழைய முகமே போதும்' என்றவர்கள் கிளாசிக் தீம் ரெஸ்டோரர் என்ற துணை நிரலைப் போட்டுச் சமாளித்தார்கள். 2017 நவம்பரில் 57-ம் பதிப்பு வந்தபோது, பழைய வகைத் துணை நிரல்கள் எல்லாமே செயலிழந்தன. அதுவும் சேர்ந்து போனது.

2017-ல் செய்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது என்பேன். பிரவுசர் கண்கூடாக வேகமானது. பழைய துணை நிரல்களுக்கு பிரவுசரின் அடிவயிறுவரை கை விட அனுமதி இருந்தது, அது பாதுகாப்புக்கு ஆகாது. ஆனால், 2021 ஜூனில் வந்த 89-ம் பதிப்பை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மெனுவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருந்த குட்டிப் படங்களை எடுத்துவிட்டார்கள். பிரின்ட்டர் படத்தைத் தேடும் கண்ணுக்கு வெறும் எழுத்து வரிசைதான் மிச்சம். வரிகளுக்கு நடுவே இடைவெளியும் கூடியது. படிக்க வசதி என்பது அவர்கள் வாதம். சின்ன லேப்டாப் வைத்திருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதே சமயத்தில், எல்லாவற்றையும் நெருக்கமாகக் காட்டும் 'காம்பேக்ட்' வசதியையும் எடுத்துவிடப் பார்த்தார்கள். அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், எனவே அதிகம் பேர் பயன்படுத்தமாட்டார்கள் என்று ஓர் அனுமானம். (பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, யாரும் எடுக்கவே இல்லையே என்பது மாதிரி.) எதிர்ப்பு பலமாக இருந்ததால் முழுசாக எடுக்கவில்லை. ஒளித்துவைத்தார்கள். எடுப்பது எப்படி என்பதற்கு வருகிறேன்.

ஓப்பரா பிரவுசரின் கதை இன்னும் பெரிசு. 2013-ல் வந்த அதன் 15-ம் பதிப்பில் உள்ளே இருந்த இன்ஜினையே மாற்றினார்கள். கூடவே பழைய வசதிகள் வண்டி வண்டியாகப் போயின. முறையான புக்மார்க் வசதிகூட அந்தப் பதிப்பில் இல்லை! அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வான் டெட்ஸ்னர், 2011-லேயே அங்கிருந்து வெளியேறியிருந்தார். பழைய ஓப்பராவை இழந்தவர்களை மனதில் வைத்து அவர் உருவாக்கிய புது பிரவுசர்தான் விவால்டி. முதல் முழுப் பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. பிடிக்காத ஓர் அப்டேட்டின் பின்னணியில் ஒரு பிரவுசரே பிறந்திருக்கிறது.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பழைய முகம், புது முகம் இரண்டையும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். அது செலவு. அதனால்தான் 'பழசுக்குத் திரும்பு' என்று ஒரு பட்டன் வைக்கமாட்டார்கள். நாமேதான் ஒதுங்கவைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபயர்பாக்ஸ்: எங்கெங்கே என்னென்ன மாத்தலாம்?

மெனுவை மாற்றுவதற்கு அதிக இடம் கொடுக்கும் பிரவுசர்களில் இது ஒன்று என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பழைய ஃபைல், எடிட், வியூ, ஹிஸ்டரி வரிசை செத்துப்போகவில்லை, தூங்குகிறது. ஆல்ட் கீயை ஒரு தட்டு தட்டுங்கள், மேலே எட்டிப் பார்க்கும். ஒரு வேலை முடிந்ததும் மறுபடி ஒளிந்துகொள்ளும். நிரந்தரமாக வேண்டுமா? டேப்புகளுக்குப் பக்கத்தில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'மெனு பார்' என்பதை டிக் செய்யுங்கள். 2011-ல் மறைந்ததாக நாம் நினைத்த வரிசை அப்படியே வந்து உட்காரும்.

அடுத்தது பட்டன்கள். அதே ரைட் கிளிக்கில் 'கஸ்டமைஸ் டூல்பார்' என்று இருக்கும். அதைத் தட்டினால் ஒரு பெரிய பலகை விரியும். பிரின்ட், ஹிஸ்டரி, டவுன்லோட், எழுத்தைப் பெரிதாக்குவது, ஹோம் என்று ஒவ்வொன்றும் படத்தோடு இருக்கும். எது வேண்டுமோ மவுஸில் பிடித்து மேலே இழுத்துவிடுங்கள். எது வேண்டாமோ மேலிருந்து பலகைக்குள் இழுத்துப் போடுங்கள். தினமும் பிரின்ட் எடுப்பவர்கள் எதற்கு ஒவ்வொரு தடவையும் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும்? அந்த பட்டன் கண்ணெதிரிலேயே இருக்கட்டும். எப்போதாவது தேவைப்படுகிற பட்டன்களுக்கு வலது ஓரத்தில் 'ஓவர்ஃப்ளோ' என்று ஒரு குட்டி அலமாரி இருக்கிறது, அதில் போட்டுவைக்கலாம்.

அதே பலகையின் அடியில் 'டென்சிட்டி' என்று ஒன்று இருக்கும். விரலால் தொடுகிற திரைகளுக்காக வைத்த 'டச்' என்பதை அதில் தேர்ந்தெடுத்தால், மேலே உள்ள பட்டன்கள் தாராளமாக விலகி நிற்கும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு நான் இதைத்தான் வைத்துக்கொடுக்கிறேன். குழப்பிவிட்டோம் என்று தோன்றினால் 'ரீஸ்டோர் டிஃபால்ட்ஸ்' என்று ஒரு பட்டன் அங்கேயே இருக்கிறது. அமுக்கினால் எல்லாம் முதல் நாள் இருந்த மாதிரி ஆகிவிடும். அதனால், தைரியமாகக் கலைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னது யார் வேண்டுமானாலும் செய்யலாம். இனி சொல்வது கொஞ்சம் கவனமாகச் செய்ய வேண்டியது.

முகவரிப் பட்டையில், ஆங்கிலத்தில் 'அபவுட்' என்று டைப் செய்து, ஒரு கோலன் போட்டு, 'கான்ஃபிக்' என்று இடைவெளியில்லாமல் சேர்த்து என்டர் தட்டுங்கள். 'ஜாக்கிரதை' என்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை வரும். தொடரலாம் என்று சொன்னால் ஒரு தேடல் பெட்டி கிடைக்கும். அதில் 'காம்பேக்ட்மோட்' என்று ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையாக டைப் செய்தால் 'ஷோ' என்று முடியும் ஒரு வரி வரும். அதன்மேல் டபுள் கிளிக் செய்து 'ட்ரூ' ஆக்கிவிட்டு, மறுபடி கஸ்டமைஸ் பலகைக்குப் போய்ப் பாருங்கள். பரணில் ஒளித்துவைத்த 'காம்பேக்ட்', 'நாட் சப்போர்ட்டட்' என்ற வாலோடு டென்சிட்டி பட்டியலில் உட்கார்ந்திருக்கும். சின்னத் திரைக்காரர்களுக்கு இதனால் கொஞ்சம் கூடுதல் இடம் மிச்சம்.

சமீபத்தில் ரைட் கிளிக் மெனுவில் ஏஐ சாட்பாட் என்று ஒரு வரி முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேண்டாம் என்பவர்கள் இதே தேடல் பெட்டியில் 'எம்எல்', 'சாட்', 'எனேபிள்ட்' மூன்றையும் நடுநடுவே புள்ளி வைத்து ஆங்கிலத்தில் டைப் செய்து, வரும் வரியை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடலாம். இங்கே நீங்கள் மாற்றியது எல்லாம் தடித்த எழுத்தில் தெரியும். அந்த வரியின் வலது ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். ஒரே நிபந்தனை: என்னவென்று தெரியாத வரிமீது கை வைக்காதீர்கள்.

மெனுவிலிருந்து குறிப்பிட்ட வரிகளையே தூக்க வேண்டும், இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஒரு ரகசியம் சொல்கிறேன். வெப்சைட்டுகளுக்கு நிறம், அளவு, இடைவெளி எல்லாம் கொடுப்பது சிஎஸ்எஸ் என்கிற மொழி. ஃபயர்பாக்ஸ் தன் சொந்த மெனுவையும் அதே சிஎஸ்எஸ்ஸை வைத்துத்தான் அலங்கரித்துக்கொள்கிறது. அதனால், 'இந்த வரியைக் காட்டாதே', 'அந்த இடைவெளியைப் பாதியாக்கு' என்று சின்னச் சின்ன உத்தரவுகளை எழுதி ஒரு ஃபைலில் வைத்தால், பிரவுசர் படித்து அதன்படி நடந்துகொள்ளும்.

அந்த ஃபைலின் பெயர் 'யூசர்குரோம்', வால் 'சிஎஸ்எஸ்'. ஆங்கிலத்தில் 'குரோம்' என்பதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. (கூகுளின் குரோமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெப்சைட்டைச் சுற்றி இருக்கும் சட்டத்துக்கு அந்தத் துறையில் ரொம்ப நாளாகவே குரோம் என்றுதான் பெயர்.) மூன்று கோடு மெனுவில் ஹெல்ப்புக்குள் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே 'புரொஃபைல் ஃபோல்டர்' என்பதற்கு நேரே 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டனைத் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டருக்குள் 'குரோம்' என்று ஒரு புது ஃபோல்டர், இங்கே முழுக்கச் சின்ன எழுத்தில். அதற்குள் அந்த ஃபைல். 2019 செப்டம்பரில் வந்த 69-ம் பதிப்பிலிருந்து, இது வேலை செய்ய ஓர் அனுமதியும் தேவை. முன்பு சொன்ன தேடல் பெட்டியில் 'லெகசியூசர்' என்று ஒரே வார்த்தையாக டைப் செய்து, 'ஸ்டைல்ஷீட்ஸ்' என்று முடியும் வரியை 'ட்ரூ' ஆக்குங்கள். பிரவுசரை மூடித் திறந்தால் மாற்றம் தெரியும்.

தெரியவில்லையா? பத்தில் ஒன்பது தடவை தப்பு இங்கேதான் இருக்கும். நோட்பேடில் எழுதி சேவ் செய்யும்போது, விண்டோஸ் சத்தமில்லாமல் கடைசியில் 'டிஎக்ஸ்டி' என்று இன்னொரு வாலைச் சேர்த்துவிடும். சேவ் செய்யும்போதே 'ஆல் ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் அந்த வம்பு இல்லை. நானே முதல் தடவை இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

எந்த வரிக்கு என்ன உத்தரவு என்பதை இங்கே எழுதவில்லை. மெனு வரிகளின் உள்பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும், இன்று சரியாக இருப்பது அடுத்த வருஷம் பிசகும். உங்கள் பதிப்பு எண்ணைச் சொல்லித் தேடினால் கிடைக்கும். இந்த ஃபைல் வழியை நிறுவனம் உத்தரவாதம் கொடுத்து ஆதரிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எது கோளாறானாலும் அந்தக் குரோம் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு பிரவுசரை மறுபடி திறந்தால் போதும், எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும். அவசரப்பட்டு 'ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' பட்டனை அமுக்கிவிடாதீர்கள். புக்மார்க், பாஸ்வேர்டு தப்பிக்கும். பார்த்துப் பார்த்துச் செய்த மாற்றங்களும் துணை நிரல்களும் போய்விடும்.

குரோம், எட்ஜ், விவால்டி

குரோமில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. மூன்று புள்ளி மெனுவுக்குள் வரிகளை இடம் மாற்ற முடியாது. 2023-ல் 15-வது பிறந்தநாளை ஒட்டி அது முகம் மாறியபோது, பலரும் 'ஃப்ளாக்ஸ்' என்ற சோதனைப் பக்கத்துக்குள் போய் பழைய முகத்தைத் திரும்ப வாங்கினார்கள். அடுத்த வருஷமே அந்த வழியும் அடைபட்டது. ஆகவே, குரோமில் ஃப்ளாக்ஸை நம்பி வீடு கட்டாதீர்கள்.

ஆனால், செட்டிங்ஸில் 'அப்பியரன்ஸ்' பகுதிக்குப் போனால் டூல்பாரில் எந்தெந்த பட்டன் இருக்கலாம் என்று தேர்ந்தெடுக்க முடியும். பிரின்ட்டை மேலே கொண்டுவர அதுவே போதும். எட்ஜிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். பட்டன்களைக் காட்டலாம், மறைக்கலாம், அதற்குமேல் இல்லை. ரைட் கிளிக் மெனு அனுமார் வால் மாதிரி நீண்டிருந்தால், உங்கள் துணை நிரல்களில் ஏதாவது தன் வரியைச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். பயன்படாததைத் தூக்கினால் மெனுவும் சுருங்கும்.

மெனுவில் எந்த வரி முதலில், எது கடைசி, எது வேண்டவே வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நீங்களே முடிவு செய்ய வேண்டுமென்றால், அதற்கு விவால்டி. 2020-லிருந்து செட்டிங்ஸிலேயே அந்த வசதி இருக்கிறது. ஃபைல் எழுதுவது, உத்தரவு போடுவது என்று எந்தத் தலைவலியும் இல்லை. வசதிகள் ஏகப்பட்டது என்பதால் முதல் நாள் மிரட்டும்.

போனிலும் இந்த வம்பு உண்டு. 2021-ல் ஐபோனின் ஐஓஎஸ் 15 வந்தபோது, சஃபாரியின் முகவரிப் பட்டை மேலிருந்து கீழே இறங்கியது. சோதனைப் பதிப்பிலேயே எதிர்ப்பு கிளம்ப, 'மேலேயே வைத்துக்கொள்ளலாம்' என்று செட்டிங்ஸில் ஒரு வழி வைத்துத்தான் வெளியிட்டார்கள். அப்போது அதற்கு 'சிங்கிள் டேப்' என்று பெயர். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் செட்டிங்ஸில் 'கஸ்டமைஸ்' பகுதிக்குள் பட்டை மேலேயா, கீழேயா என்று கேட்கும்.

அப்டேட்டே வேணாம்னு நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. கோபத்தில் தோன்றுவதுதான், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால், மெனுவை மாற்றும் அதே அப்டேட்தான் பாதுகாப்பு ஓட்டைகளையும் அடைக்கிறது. பேங்க் பாஸ்வேர்டு டைப் செய்கிற பிரவுசரைப் பழசாகவே வைத்திருப்பது, புதுப் பூட்டின் நிறம் பிடிக்கவில்லை என்று கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம். நடுவழி ஒன்று உண்டு. ஃபயர்பாக்ஸில் 'இஎஸ்ஆர்' என்று ஒரு தனிப் பதிப்பு கிடைக்கும். அலுவலகங்களுக்காகச் செய்தது என்றாலும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வரும். பெரிய மாற்றங்கள் சுமார் வருஷத்துக்கு ஒரு தடவைதான். கம்ப்யூட்டரைக் கண்டால் பதறுகிற பெரியவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

வீட்டுப் பெரியவர்களின் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுக்கும்போது தயவுசெய்து மவுஸை அவர்கள் கையிலேயே விடுங்கள். நாம் வேகமாக நாலு தட்டு தட்டிச் சரிசெய்துவிட்டு எழுந்துவந்தால், அடுத்த அப்டேட்டில் மறுபடி மூடிவைத்துவிடுவார்கள். ஒழுங்குபண்ணி முடித்ததும் திரையை போனில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். நாளைக்கு எது எங்கே இருந்தது என்று தேட உதவும்.

சித்தப்பாவிடம் நான் முதலில் சொன்ன வாக்கியம், "இது உங்க தப்பு இல்ல சித்தப்பா, அவங்க மாத்திட்டாங்க" என்பதுதான். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவரே மவுஸைப் பிடித்து பிரின்ட் பட்டனை மேலே கொண்டுவந்து வைத்தார். புக்மார்க் பட்டையில் மின்வாரியத்தின் சைட்டை முதல் இடத்துக்கு நகர்த்தினார்.

நோட்டையும் திருத்த உட்கார்ந்தோம். ஏழாவது வரி, வலது மூலை எல்லாம் வேண்டாம் என்றேன். பட்டன்கள்தான் ஊர் சுற்றும், ஷார்ட்கட் கீகள் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. கன்ட்ரோல் பி என்றால் பிரின்ட். கன்ட்ரோல் ஜே என்றால் டவுன்லோட் ஆனவை. கன்ட்ரோல் டி என்றால் புக்மார்க். தவறுதலாக மூடிய டேப்பைத் திரும்ப வரவழைக்க கன்ட்ரோல், ஷிஃப்ட், டி. விண்டோஸ் கம்ப்யூட்டரில் எந்தப் பெரிய பிரவுசரைத் திறந்தாலும் இவை பொருந்தும்.

அதற்காக, ஷார்ட்கட் எல்லாம் கல்வெட்டு என்றும் சொல்லமாட்டேன். 2021-ல் ஃபயர்பாக்ஸின் ரைட் கிளிக் மெனுவில், லிங்க்கை காப்பி செய்ய 'ஏ' எழுத்தைத் தட்டிப் பழகியவர்கள் திடீரென்று 'எல்' தட்ட வேண்டி வந்தது. விரல் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு எரிச்சல் என்று அப்போது பலருக்கும் புரிந்தது. இதையும் சித்தப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன்.

சிவப்பு மைப் பேனாவை எடுத்தவர், ஒரு நிமிஷம் யோசித்தார்.

"இந்தக் கன்ட்ரோல் பி-யையாவது மாத்தாம விட்டுவைப்பானுங்களாடா?"

"அதை மாத்த மாட்டாங்க சித்தப்பா" என்றேன். சொல்லும்போதே குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேனாவை மூடி வைத்தார். "அந்தப் பென்சிலை எடு."